அமெரிக்க அரசியல் யாப்பு பைபிளில் இருந்து வந்ததா? மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

வெள்ளவத்தை மருமகள் (ஞாயிறு இரவு)

சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, முப்பது வருடமாக நியூ ஜேர்சியில் இருக்கிறவர், ஒரு கலியாணவீட்டுக்காகக் கொழும்புக்கு வந்து எங்களோடுதான் நிற்கிறார். அம்மாவின் ஆட்கள் வட்டுக்கோட்டைப் பக்கம், அமெரிக்க மிஷன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். அப்பா பக்கம் சைவம். ஆகவே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சமயப் பேச்சு வராமல் இருக்காது, வந்தால் நல்லபடியாக முடியவும் முடியாது.

இன்று மத்தியானம் அப்பா எதற்கோ எங்கள் யாப்பின் 9ஆவது உறுப்புரையை இழுத்தார், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்கிறதே, அது. உடனே மாமா கையைக்கூடக் கழுவாமல் தொடங்கிவிட்டார். "அமெரிக்காவின்ரை யாப்பு முழுக்க பைபிளிலை இருந்து எடுத்தது. அதாலைதான் அந்த நாடு அப்பிடி இருக்கு. நீங்கள் புத்த சமயத்தை வைச்சீங்கள், இப்பிடி இருக்கிறீங்கள்."

ஆதாரம் கேட்டேன். படைத்தவன் மனிதருக்கு உரிமை கொடுத்தான் என்று முதலிலேயே எழுதியிருக்கிறதாம். கடைசியில் திகதி போடும்போது "எங்கள் ஆண்டவருடைய வருடம்" என்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமையை விலக்கியிருக்கிறார்களாம். பாராளுமன்றம், ஜனாதிபதி, நீதிமன்றம் என்று மூன்றாகப் பிரித்தது ஏசாயா தீர்க்கதரிசியின் 33ஆம் அதிகாரத்தில் இருந்தாம். யாப்பு எழுத முடியாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது பென்ஜமின் பிராங்ளின் எழும்பி ஜெபம் பண்ணச் சொல்ல, எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபித்த பிறகுதான் வேலை நடந்ததாம். இதெல்லாம் போதாது என்று வாட்ஸ்அப்பில், அந்த நாட்டை இயேசுவின் சுவிசேஷத்தின்மீது கட்டினார்கள் என்று அந்தக் காலத்து அமெரிக்கத் தலைவர் பற்றிக் ஹென்றி சொன்னதாக ஒரு படம் காட்டினார், பின்னால் கழுகும் கொடியும்.

நான் உயர்தரத்துக்கு அரசறிவியல் படித்தேன்தான், ஆனால் அது எந்தக் காலம். சேர் சொன்னதில் இப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. அடுத்த ஞாயிறும் இதே மேசை, இதே ஆட்கள். எது சரி, எது பிழை?

கறுப்புக் கோட்டு (திங்கள் காலை)

தங்கச்சி, நான் புதுக்கடையில் வழக்குப் பேசுகிறவன், அமெரிக்கச் சட்டம் என் பிழைப்பு இல்லை, ஆனால் இந்த யாப்பை இரண்டு மூன்று தடவை முழுதாக வாசித்திருக்கிறேன். பெரிய பத்திரம் ஒன்றும் இல்லை, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிறதுக்குள் பாதி போய்விடும். மாமாவையும் ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்கள், பாதி வாதம் அதிலேயே தீரும்.

முதலாவது, மாமா இரண்டு பத்திரங்களை ஒன்றாக்கிவிட்டார். படைத்தவன் கொடுத்த உரிமை என்பது 1776 சுதந்திரப் பிரகடனத்தில் வருவது. அது இங்கிலாந்து ராஜாவோடு உறவை முறித்துக்கொண்ட கடிதம், நாட்டை ஆளுகிற சட்டம் இல்லை. யாப்பு எழுதியது 1787இல், பதினொரு வருடம் கழித்து, பிலடெல்பியாவில். பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் அந்த நேரம் பிரான்ஸில் தூதுவராக இருந்தார், யாப்பு எழுதிய அறைக்குள் காலே வைக்கவில்லை. பிரகடனத்திலும் பாருங்கள், இயற்கையின் கடவுள், படைத்தவன், உலகத்தின் நீதிபதி, தெய்வப் பராமரிப்பு என்றுதான் இருக்கிறது. இயேசுவின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. உங்கள் அப்பாவும் மனம் கூசாமல் கையெழுத்து வைக்கலாம்.

யாப்பில் அந்தப் படைத்தவனும் இல்லை. "நாங்கள், மக்கள்" என்று தொடங்குகிறது. அதிகாரம் எங்கே இருந்து வருகிறது என்பதற்கு அவர்கள் சொல்கிற விடை அதுதான், மேலே இருந்து அல்ல. கடைசியில் திகதியோடு "எங்கள் ஆண்டவருடைய 1787ஆம் வருடம்" என்று இருப்பது உண்மை. ஆனால் தங்கச்சி, சைவப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் ராஜராஜ சோழன் கி.பி. 985இல் பட்டத்துக்கு வந்தான் என்று படித்தோமே, கி.பி. என்றால் கிறிஸ்துவுக்குப் பின். அதை வைத்து ராஜராஜனை வேதக்காரன் என்று யாரும் சொன்னார்களா? ஞாயிறு விஷயமும் அப்படித்தான். பாராளுமன்றம் அனுப்பும் சட்டமூலத்தை ஜனாதிபதி பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தப் பத்தில் ஞாயிறு சேராது என்பதுதான் வசனம். ஊர் வழக்கத்தை ஒட்டி நாள் எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவு.

இனி மாமா சொல்லாமல் விட்டது. 6ஆவது உறுப்புரையின் கடைசி வரி: அமெரிக்க அரசின் எந்தப் பதவிக்கும் சமயத் தகுதி ஒருபோதும் கேட்கப்படக் கூடாது. இதன் பாரம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்து மாநில யாப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெலவெயரின் 1776 யாப்பில் பதவிக்கு வருகிறவன் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்றையும் விசுவாசிக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். மசாசுசெட்ஸின் 1780 யாப்பில் ஆளுநர் கிறிஸ்தவ சமயத்தை நம்புகிறேன் என்று அறிக்கையிட வேண்டும். ஆக, கிறிஸ்தவ யாப்பை எப்படி எழுதுவது என்று அந்த மனிதர்களுக்கு நன்றாகத் தெரியும், மாதிரி கையிலேயே இருந்தது. 55 பேர் வந்து போன கூட்டத்தில் 39 பேர் கையெழுத்திட்ட பத்திரத்தில் அதை வேண்டாம் என்று விட்டார்கள். ஜனாதிபதியின் சத்தியப்பிரமாணத்தை யாப்பிலேயே வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறார்கள், அதிலும் "கடவுள் துணை" இல்லை, சத்தியம் பண்ண விரும்பாதவன் உறுதி கூறலாம் என்றும் இருக்கிறது.

அந்தக் காலத்து ஆட்களுக்கே இது உறுத்தியது. கூட்டத்தில் இருந்த மேரிலாந்துக்காரர் லூதர் மார்ட்டின் பிறகு எரிச்சலோடு எழுதினார்: கிறிஸ்தவனுக்கும் நம்பிக்கையில்லாதவனுக்கும் ஒரு வித்தியாசமாவது காட்டியிருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு நாகரிகம் தெரியாத சிலரும் அங்கே இருந்தார்கள் என்று. யாப்பு கிறிஸ்தவ யாப்பாக இருந்திருந்தால் அவர் ஏன் மூக்கைச் சிந்த வேண்டும்?

பிராங்ளின் கதை அரைவாசி உண்மை. 1787 யூன் 28, அவருக்கு 81 வயது, ஒவ்வொரு காலையும் ஜெபத்தோடு தொடங்குவோம் என்று கேட்டார், பைபிள் வசனமும் சொல்லித்தான் கேட்டார். ஒருவர் பாதிரியாருக்குக் கொடுக்கக் காசில்லை என்றார், இன்னும் சிலர் இவ்வளவு நாள் கழித்து இப்போது தொடங்கினால் வெளியே என்ன நினைப்பார்கள் என்றார்கள், வாக்கெடுப்பே இல்லாமல் கூட்டம் கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று நினைத்தார்கள் என்று பிராங்ளினே தன் கையால் குறித்து வைத்திருக்கிறார். முழங்கால் எல்லாம் பிறகு சேர்த்தது.

ஏசாயா வசனத்துக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அதில் நீதிபதி, சட்டம் தருகிறவர், ராஜா மூன்றும் கர்த்தர் ஒருவரே என்றுதான் இருக்கிறது. அமெரிக்க யாப்பு இந்த மூன்றும் ஒரு கைக்குள் போகக்கூடாது என்று படாத பாடு படுகிறது. அந்தப் பிரிவினையை அவர்கள் படித்தது பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மொன்டெஸ்கியூவிடம், கூட்டத்தில் பெயர் சொல்லியே பேசினார்கள்.

பற்றிக் ஹென்றியின் அந்த வாட்ஸ்அப் வசனம் அவர் எழுத்திலோ பேச்சிலோ எங்கும் இல்லாதது, 20ஆம் நூற்றாண்டில் யாரோ கட்டிவிட்டது. அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்த மனிதர் பிலடெல்பியாவுக்குப் போகவே மறுத்தவர், 1788இல் வேர்ஜினியாவில் இந்த யாப்பை ஏற்கக் கூடாது என்று மேடை மேடையாக நின்றவர்.

சும்மா வாசகன் (திங்கள் மதியம்)

இவ்வளவு நீட்டத் தேவையில்லை. வட ஆபிரிக்காவின் திரிப்பொலியோடு அமெரிக்கா செய்த ஒப்பந்தம், 1797, 11ஆவது பிரிவு: அமெரிக்க அரசாங்கம் எந்த வகையிலும் கிறிஸ்தவ சமயத்தின்மீது அமைந்ததல்ல. செனட் ஏகமனதாக ஏற்றது, ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் கையெழுத்து வைத்தார். கேஸ் முடிந்தது.

கறுப்புக் கோட்டு (திங்கள் மாலை)

தம்பி, அது நல்ல ஆயுதம்தான், ஆனால் அதன் பிடி கொஞ்சம் லூஸ். அந்த ஒப்பந்தத்தின் அரபு மூலத்தைப் பிறகு ஆராய்ந்தபோது அந்த இடத்தில் இப்படி ஒரு பிரிவே இல்லை, ஆங்கிலப் பிரதியில்தான் இருக்கிறது. 1805இல் செய்த புதிய ஒப்பந்தத்திலும் அந்த வசனத்தை விட்டுவிட்டார்கள். மாமா கூகிள் தட்டத் தெரிந்தவர் என்றால் இதைத்தான் முதலில் பிடிப்பார். நீங்கள் சொல்ல வேண்டியது வேறு: செனட்டர்களின் கையில் இருந்தது அந்த ஆங்கிலப் பிரதிதான், அவர்கள் அதைத்தான் ஏற்றார்கள். யாப்பு எழுதிப் பத்தே வருடம். அந்த வரியைக் கேட்டு ஒருவரும் குதிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பொடியன் (திங்கள் இரவு)

அண்ணை சொன்ன தகவலில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாசித்து முடிக்கும்போது யாப்பு எழுதியவர்கள் எல்லாரும் கடவுளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினவர்கள் மாதிரி ஒரு நினைப்பு வருகிறது. அது சரியில்லை.

1620இல் மேபிளவர் கப்பலில் வந்தவர்கள் கரை இறங்குமுன் எழுதிய உடன்படிக்கையில் கடவுளின் மகிமைக்காகவும் கிறிஸ்தவ விசுவாசம் பரவவும் என்று நேராகவே இருக்கிறது. கூடி நின்று உடன்படிக்கை எழுதி அதன்படி ஊரை நடத்துவது என்ற பழக்கமே அவர்களுக்குச் சபையில் இருந்து வந்தது. யாப்பை எழுதுவதில் முன்னுக்கு நின்ற ஜேம்ஸ் மடிசன் பிரின்ஸ்டனில் படித்தது விதர்ஸ்பூன் என்ற பிரெஸ்பிற்றேரியன் போதகரிடம். மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்று மடிசன் 1788இல் எழுதினார். மனிதனை நம்பி முழு அதிகாரத்தையும் ஒரு கையில் கொடுக்காதே என்ற அந்தச் சந்தேகத்தில், மனிதன் பிறவியிலேயே பாவி என்கிற ஆதிப் பாவத்தின் வாசனை எனக்கு அடிக்கிறது. மொன்டெஸ்கியூ வழியைக் காட்டியிருக்கலாம், அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது?

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது இல்லை. அரசையும் சபையையும் பிரிக்கச் சொல்லிக் கத்தினவர்களில் பெரிய பங்கு விசுவாசிகள். வேர்ஜினியாவில் இங்கிலாந்துத் திருச்சபைதான் அரச சபை, அனுமதிப் பத்திரம் இல்லாமல் பிரசங்கம் பண்ணிய பப்ரிஸ்ற் போதகர்களைப் பிடித்து மறியலில் போட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் நல்ல மனிதர்கள் ஐந்தாறு பேர் இதற்காக உள்ளே கிடக்கிறார்கள் என்று மடிசன் 1774இல் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அப்போது அவருக்கு 22 வயது. 1785இல் கிறிஸ்தவ போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி போடப் பார்த்தபோது அவர் எழுதிய எதிர்ப்பு மனுவில் ஒரு கேள்வி வருகிறது: மற்றச் சமயங்களைத் தள்ளிக் கிறிஸ்தவத்தை நிறுவ அதிகாரம் உள்ளவனுக்கு, நாளைக்கு மற்றச் சபைகளைத் தள்ளி ஒரு சபையை மட்டும் நிறுவவும் அதே அதிகாரம் இருக்காதா? அடுத்த வருடம் வேர்ஜினியா ஜெபர்சனின் சமய சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு அடுத்த வருடம் பிலடெல்பியா.

இது எங்களுக்கு, அதாவது கொழும்புக் கத்தோலிக்கருக்கு, விளங்காத கணக்கா? ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். எங்கள் குருமாருக்குத் தடை. ஜோசப் வாஸ் அடிகள் 1687இல் கோவாவில் இருந்து வேடம் மாறித்தான் இந்தத் தீவுக்குள் வந்தார், ஒளித்து ஒளித்துத்தான் பூசை வைத்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது அப்பப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்களைத் துரத்தினவன் புத்த பிக்கு இல்லை, சைவக்காரன் இல்லை, பைபிள் வாசிக்கிற இன்னொரு கிறிஸ்தவன். ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். "கிறிஸ்தவ அரசு" என்று மாமா சொன்னால், எந்தக் கிறிஸ்தவம் என்று கேளுங்கள்.

தெமட்டகொடை நானா (செவ்வாய்)

முஸ்லிம்களான எங்கள் பெயரும் அந்த விவாதத்தில் அடிபட்டது, யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். 1788இல் வட கரோலினாவில் யாப்பை ஏற்பதா என்று கூட்டம் வைத்தபோது, சமயத் தகுதி கேட்காவிட்டால் நாளைக்கு முகம்மதியனும் பதவிக்கு வரலாமே என்று சிலர் பயந்தார்கள். அங்கே ஒரு முஸ்லிம் வாக்காளன்கூட இருந்திருக்க மாட்டான், இருந்த முஸ்லிம்கள் ஆபிரிக்காவில் இருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகள். அதற்கு ஜேம்ஸ் ஐரடெல் என்பவர் எழும்பி, ஒரு கூட்டத்தை மட்டும் விலக்கினால் நாங்கள் கேட்கிற சமய சுதந்திரம் என்ற தத்துவமே போய்விடுமே, பிறகு எப்படி விலக்குவது என்று கேட்டார். பிறகு அவரை வாஷிங்டன் உயர் நீதிமன்ற நீதியரசராக நியமித்தார்.

ஆளைப் புகழ்ந்தே முடிக்கக் கூடாது. தங்கள் சமயத்துக்கு முற்றிலும் வேறான ஒருவனை மக்கள் எப்படியும் தெரிவு செய்யப் போவதில்லை, பயப்படாதீர்கள் என்றும் அதே வாயால் சொன்னார். அவர் கணக்குப் பிழைக்க 219 வருடம் எடுத்தது. 2007இல்தான் கீத் எலிசன் முதல் முஸ்லிமாகக் காங்கிரஸுக்குள் போனார், ஜெபர்சன் வாங்கி வைத்திருந்த குர்ஆன் பிரதியில் கை வைத்துப் படம் எடுத்தார். சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும் மனிசன் உள்ளே விட வேணுமே.

தங்கச்சி, ஒரு விஷயம். மாமாவோடு பேசும்போது 9ஆவது உறுப்புரையையும் இதையும் ஒரே தராசில் போட விடாதீர்கள். நாடு உருப்பட்டதும் உருப்படாததும் அந்த ஒரு வரியாலா? சீனிக்கும் சீமெந்துக்கும் வரிசையில் நின்றது எந்த உறுப்புரையால்?

கறுப்புக் கோட்டு (செவ்வாய் இரவு)

நானா சொன்னதை ஒட்டி எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேசையில் அது கட்டாயம் வரும். 1815 கண்டி உடன்படிக்கையின் 5ஆவது பிரிவில் பௌத்தம் மீறப்படாதது என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர், அதாவது கிறிஸ்தவ ராஜாவின் ஆட்கள். சுதந்திரம் கிடைத்த காலத்துச் சோல்பரி யாப்பில் எந்தச் சமயத்துக்கும் இடம் கொடுக்கவில்லை. அதன் 29ஆவது பிரிவு, ஒரு சமயத்தவருக்கு மட்டும் சலுகையோ பாதகமோ தருகிற சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக் கூடாது என்றது. 1972இல் அது போய் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. அதை உருவாக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, ட்ரொட்ஸ்கியவாதி, அதாவது இடதுசாரி, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களே பாருங்கள். 1978இல் அது 9ஆவது உறுப்புரை ஆனது. அதை மாற்ற மூன்றில் இரண்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். மனச்சாட்சிச் சுதந்திரம் சொல்கிற 10ஆவது உறுப்புரைக்கும் அதே பூட்டுத்தான்.

இன்னொன்று, வட்டுக்கோட்டை என்றீர்களே. மாமாவின் முன்னோருக்கு வேதம் சொன்ன அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களை அனுப்பிய சங்கம் மசாசுசெட்ஸில் தொடங்கியது. வட்டுக்கோட்டை செமினரியை 1823இல் தொடங்கிய டானியல் புவரும் அந்த மாநிலத்தவர்தான். அங்கே அப்போதும் சபைக்கு வரி கட்ட வேண்டும், 1833இல்தான் அது ஒழிந்தது. அரசு சமயத்தை நிறுவக் கூடாது என்கிற, யாப்பின் முதலாவது திருத்தம் 1791இலேயே வந்ததே என்று மாமா கேட்பார். அது கட்டுப்படுத்தியது காங்கிரஸை மட்டும், மாநிலங்களை அப்போது தொடவில்லை. ஆக மாமா தேடுகிற கிறிஸ்தவ அரசு இருக்கத்தான் செய்தது, மாநிலங்களில். தேசத்துக்கான யாப்பில் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சபைகள் வேறுபடும்போது எதை எடுத்து எதை விடுவது?

வெள்ளவத்தை மருமகள் (அடுத்த ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் நன்றி. போனில் யாப்பைத் திறந்து மாமாவின் கையில் கொடுத்தேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உண்மையாகவே முழுதும் வாசித்தார், நண்டுக்கறி ஆறிவிட்டது. 6ஆவது உறுப்புரைக்கு வந்ததும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பேர்ஸில் இருந்து ஒரு டொலரை எடுத்து "அப்ப இது?" என்று காட்டினார், கடவுளில் நம்பிக்கை வைக்கிறோம் என்று அடித்திருப்பதை. நான் ஏற்கனவே தேடி வைத்திருந்தேன்: நாணயத்தில் முதலில் வந்தது 1864இல், உள்நாட்டுப் போர் நேரம், தேசிய வாசகமாக்கியது 1956இல், ரஷ்யாவோடு முறுகல் நேரம். 1787இல் யாரும் கேட்கவில்லை. மசாசுசெட்ஸ் வரியைச் சொன்னதும்தான் முகம் மாறியது, "புவர் ஐயாவும் வரி கட்டினவரோ" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"எந்தக் கிறிஸ்தவம்" என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. மனிதனை நம்பாதே என்பதில் ஆதிப் பாவம் இருக்கிறது என்ற கொட்டாஞ்சேனைத் தம்பியின் கதையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், எனக்கே அது சரி போலத்தான் பட்டது.

பிறகு பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. 1966இல் இங்கே ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாக் கணக்கில் வரும் பௌத்தர்களின் போயாவை வைத்தார்களே, 71 வரைக்கும், அந்த ஐந்து வருடமும் எந்த நாள் லீவு என்று கலண்டரைப் பார்த்துத்தான் தெரியும், சில வாரத்துக்கு ஏழு நாள், சில வாரத்துக்கு எட்டு நாள் என்றார். ஞாயிறு விடியவெள்ளன தம்பியைக் குளிப்பாட்டி ஆராதனைக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கேயிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாராம். "நீ சேர்ச்சிலை நித்திரை, வகுப்பிலையும் நித்திரை" என்றார் மாமாவைப் பார்த்து. மாமாவுக்கு அது ஞாபகமே இல்லை.